தேர் நுழையாத தெரு

மெய்யான சமயம் எது என்னும் கேள்வி புதிதன்று. திருச்சபையின் முதல் நூற்றாண்டிலேயே அது எழுந்துவிட்டது. அதற்கு நேரடியாக விடை எழுதியவர் யாக்கோபு. அவருடைய திருமுகத்தின் முதல் அதிகாரம் அவ்விடையை இரண்டே செய்திகளில் அடக்கிவிடுகிறது. துன்புறும் அநாதைகளையும் கைம்பெண்களையும் தேடிச்சென்று ஆதரிப்பது ஒன்று. உலகத்தின் மாசு நம்மேல் படியாதவாறு நம்மைக் காத்துக்கொள்வது மற்றொன்று. செபத்தைப் பற்றியோ, நோன்பைப் பற்றியோ, காணிக்கையைப் பற்றியோ அந்த இடத்தில் அவர் ஒன்றும் கூறவில்லை. அவை வேண்டாதவை என்பது அவர் கருத்தன்று. அவை மெய்யானவையா என்று உரைத்துப் பார்க்கும் கல்லையே அவர் நம் கையில் தருகிறார்.

இவ்விரண்டு செய்திகளையும் நாம் எவ்வாறு புரிந்துகொண்டிருக்கிறோம்? முதலாவது, தருமம் செய்தல். இரண்டாவது, ஒழுக்கமாக வாழ்தல். தவக்காலத்தில் ஏழைகளுக்கு உதவுகிறோம். குடி, சூது, தீய பார்வை ஆகியவற்றை விலக்குமாறு மறையுரை கேட்கிறோம். இவையெல்லாம் நல்லவையே. ஆயினும் யாக்கோபு 'உலகத்தின் மாசு' என்று எதனைக் கருதினார் என்பதை அவரிடமே கேட்டறிவதுதான் முறை.

அதிகாரப் பிரிவுகள் பிற்காலத்தில் இடப்பட்டவை. அவற்றை மறந்துவிட்டு மேலே படித்தால், மாசு என்ற சொல்லை எழுதிய கையோடு அவர் நம்மை ஒரு தொழுகைக்கூட்டத்திற்கே அழைத்துச் செல்வதைக் காணலாம். பொன்மோதிரமும் பகட்டான உடையும் அணிந்த ஒருவர் அங்கு வருகிறார். அழுக்கான ஆடையோடு ஏழை ஒருவரும் வருகிறார். முன்னவருக்கு மரியாதையோடு நல்ல இருக்கை தரப்படுகிறது. பின்னவரோ ஓரமாக நிற்கவோ காலடியில் உட்காரவோ பணிக்கப்படுகிறார். அழுக்கு ஏழையின் ஆடையில் இருந்தது. மாசோ அவரை ஓரமாக நிற்கச் சொன்னவரின் உள்ளத்தில் இருந்தது. மனிதரைத் தரம் பிரித்து இடம் ஒதுக்கும் உலகத்தின் வழக்கம் தொழுகைக்கூடத்தின் வாயிலைக் கடந்து உள்ளே வந்துவிட்டது. யாக்கோபு சொல்லும் மாசு அதுவே.

தமிழராகிய நமக்கு இது எளிதில் விளங்க வேண்டும். 'தீட்டு' என்றொரு சொல் நம்மிடம் உண்டு. இன்னாரைத் தொட்டால் தீட்டு, இன்னார் வீட்டில் தண்ணீர் குடித்தால் தீட்டு, இன்னாருடைய நிழல் பட்டாலும் தீட்டு என்று நம் முன்னோர் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தனர். யாக்கோபின் திருமுகம் அக்கணக்கைத் தலைகீழாக்குகிறது. ஒதுக்கப்பட்டவரைத் தொடுவதால் எவருக்கும் தீட்டு வருவதில்லை. அவரை ஒதுக்கியவர் எவரோ அவரே தீட்டுப்பட்டவர். அத்தீட்டோடு அவர் செய்யும் வழிபாடு தூய வழிபாடு ஆகாது. சமூகநீதி என்பது சமயத்தோடு பிற்காலத்தவர் ஒட்டவைத்த அரசியல் அன்று, சமயம் தூயதா என்று அறியும் சோதனையே அது என்பதை இதைவிடத் தெளிவாக எவ்வாறு கூற இயலும்?

யாக்கோபு இதைத் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. கி.மு. எட்டாம் நூற்றாண்டில் தெக்கோவா ஊர் ஆமோஸ் பெத்தேல் திருத்தலத்திற்கு வந்து நின்றபோதே இது உரைக்கப்பட்டுவிட்டது. ஆமோஸ் குருவுமல்லர், இறைவாக்கினர் குழுவைச் சேர்ந்தவருமல்லர். ஆடு மேய்த்தவர், காட்டு அத்தி மரங்களைப் பேணியவர். பெத்தேலில் பலிகளுக்குக் குறைவில்லை; பாடல்களுக்கும் திருவிழாக்களுக்கும் குறைவில்லை. அதே வேளையில் ஒரு சோடிச் செருப்பின் விலைக்கு ஏழைகள் விற்கப்பட்டனர். ஓய்வுநாள் எப்போது முடியும், கள்ளத்தராசைக் கொண்டு எப்போது வணிகம் தொடங்கலாம் என்று காத்திருந்தவர்களே அந்த ஓய்வுநாளை ஒழுங்காகக் கடைப்பிடித்தும் வந்தனர். இத்தகையோரின் விழாக்களை இறைவன் வெறுக்கிறார் என்று ஆமோஸ் அறிவித்தார்.

அவரை அங்கிருந்து துரத்தியவர் யார் என்பது குருக்களாகிய எங்களுக்கு உறுத்தலான செய்தி. பெத்தேலின் குரு அமட்சியாவே அவரை வெளியேறச் சொன்னார். இது அரசரின் திருத்தலம், இங்கே இப்படியெல்லாம் பேசக்கூடாது என்பது அவர் வாதம். அமட்சியா கொடியவர் என்று விவிலியம் எங்கும் கூறவில்லை. தம் கோவிலில் அமைதி நிலவ வேண்டும் என்று விரும்பிய ஒரு நிர்வாகியாகவே அவர் நமக்குத் தோன்றுகிறார். அந்த விருப்பம் எங்களில் பலருக்கும் பழக்கமானது.

ஆண்டவர் இயேசு இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். காணிக்கை செலுத்தப் பீடத்தின் முன் வந்து நிற்பவருக்குத் தம்மேல் மனத்தாங்கல் கொண்ட சகோதரர் ஒருவரின் நினைவு வருமானால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் போய் நல்லுறவு ஏற்படுத்திக்கொள்ளுமாறு மலைப்பொழிவில் பணிக்கிறார். நமக்கு யார்மேல் மனத்தாங்கல் என்று அவர் கேட்கவில்லை. நம்மேல் யாருக்கு மனத்தாங்கல் என்று கேட்கிறார். இழைத்தவர் அநீதியை எளிதில் மறந்துவிடுவார், பட்டவர் மறப்பதில்லை. ஆகவே பீடத்திற்குச் செல்லும் வழி நம்மால் புண்பட்டவரின் வீட்டு வாசல் வழியாகச் செல்கிறது.

கொரிந்து நகரத்துச் சபையில் இதுவே நடந்தது. வசதி படைத்தோர் முன்னதாக வந்து உண்டு குடித்து நிறைவடைந்தனர். ஏழைகள் பசியோடு நின்றனர். அதன்பின் அனைவரும் ஒன்றாக அப்பம் பிட்டனர். நீங்கள் உண்பது ஆண்டவரின் திருவிருந்தே அன்று என்று பவுல் அவர்களுக்கு எழுதினார். சடங்கில் அங்கே எக்குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. இல்லாதவர்களை வெட்கப்படுத்தியதே அவர் கண்ட குறை.

இவற்றை நம் நாட்டுத் திருச்சபை எவ்வாறு கேட்டது? வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம். 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நோபிலி, நற்செய்தி அந்நியர் மதமாகத் தோன்றக்கூடாது என்னும் உயரிய நோக்கத்தோடு துறவிக்கோலம் பூண்டார். சாதி என்பது சமூக வழக்கமேயன்றிச் சமயக் கொள்கையன்று என்று அவர் கருதினார். 1640 முதல் ஒடுக்கப்பட்ட மக்களிடையே பணியாற்றவென்று பண்டாரசாமிகள் என்ற தனிக்குழுவும் தோன்றியது. நற்செய்தி எல்லாருக்கும் சென்றது உண்மை. ஆனால் வெவ்வேறு வாசல்கள் வழியாகச் சென்றது. நோக்கம் தூயதாயினும், ஒரு தலைமுறைக்கெனக் கட்டப்பட்ட வாசல்கள் பல தலைமுறைகளுக்குச் சுவர்களாயின.

அச்சுவர் கல்லாலும் கட்டப்பட்டதற்கு நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கு எழுந்த கோவில், கால்சராயின் இரு கால்களைப் போல இரண்டு கூடங்களாகப் பிரிந்து, பீடத்தருகே ஒன்றுகூடியது. தம்மை மேற்குலத்தவர் என்று எண்ணியவர்களுக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு மறுபக்கம். ஒரே திருப்பலி, ஒரே நற்கருணை, இடையில் சுவர். 1910இல் கௌசானல் அடிகளார் அச்சுவரை இடித்தார். தங்கள் தனியிட உரிமை பறிபோயிற்று என்று ஒரு சாரார் நீதிமன்றம் சென்றனர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போயும் அவர்களுக்கு வெற்றி கிட்டவில்லை. கோவிலுக்குள் அனைவரும் ஒன்றாக முழந்தாளிட வேண்டும் என்பதைக் கிறிஸ்தவர்களுக்கு ஓர் உலக நீதிமன்றம் உறுதிசெய்ய வேண்டியிருந்தது என்பது நமக்குப் பெருமையன்று.

இதே வடக்கன்குளத்தில்தான் 1745ஆம் ஆண்டு மே மாதம் நட்டாலத்து நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். திருவிதாங்கூர் அரசின் அலுவலர். உயர்ந்ததாக மதிக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். திருமுழுக்குக்குப் பின் அவர் எல்லாக் குலத்தாரோடும் வேறுபாடின்றிப் பழகினார், உண்டார். எல்லாரும் சமம் என்று கூறினார். அதனால் மூண்ட சினமும் அவருடைய பாடுகளுக்கு ஒரு காரணம். 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினருள் முதல் புனிதர் அவர். அப்போது அவருடைய பெயரோடு வழங்கிவந்த சாதிப்பட்டம் நீக்கப்பட்டது. தாம் உயிரோடு இருந்தபோது துறந்த அடையாளத்தைத் தம் பெயரிலிருந்து எடுக்க, அவர் ஏறத்தாழ 270 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

நமது பொதுவாழ்விலும் இதன் எதிரொலி உண்டு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, இந்து சமயத்தைச் சாராத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்று வரையறுக்கப்பட்டது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அவ்வரையறை திருத்தப்பட்டது. தலித் கிறிஸ்தவருக்குத் திருத்தப்படவில்லை. நீதியரசர் இரங்கநாத் மிசுரா ஆணையம் 2007இல் இந்த விலக்கை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் நீதியரசர் பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. கிறிஸ்தவத்தில் சாதி இல்லையே, உங்களுக்கு எதற்குச் சலுகை என்று நம்மைக் கேட்போர் உண்டு. கிறிஸ்துவில் சாதி இல்லை, கிறிஸ்தவர்களிடம் உண்டு என்று நாம் வெட்கத்தோடு விடை கூற வேண்டியிருக்கிறது. அரசிடம் நீதி கேட்டு ஊர்வலம் செல்வது நம் கடமை. அவ்வூர்வலம் நம் கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவரைக் கடந்து செல்லும்போது நம் முழக்கம் தடுமாறாதிருக்க வேண்டும்.

பிறரைக் குறைகூறும் தகுதி நமக்கு உண்டா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். நாம் முன்பு பணியாற்றிய பங்கு ஒன்றில், அன்னையின் திருவிழாவன்று தேர் ஊரைச் சுற்றிவரும். ஒரு குறிப்பிட்ட திருப்பத்தில் அது வலப்பக்கம் திரும்பிவிடும். நேரே சென்றால் தலித் மக்களின் தெரு. அத்தெருவினரும் திருவிழா வரி செலுத்தினர். தேருக்கு வடம் பிடித்தனர். திருப்பம் வந்ததும் தேரோடு திரும்பினர். ஒரு கொடியேற்றத்திற்கு மூன்று மாதங்களுக்கு முன் அத்தெரு இளைஞர்கள் சிலர் நம்மை வந்து பார்த்தனர். இந்த ஆண்டாவது மாதா எங்கள் தெருவுக்கு வரட்டும் சாமி என்றனர். அவர்கள் குரலில் கோபம் இல்லை.

நாம் ஊர்ப் பெரியவர்களிடம் பேசினோம். வழக்கத்தை மாற்றினால் கலவரம் வரும், காவல்துறை வரும், திருவிழாவே நின்றுபோகும் என்றனர். அதுவும் முற்றிலும் பொய்யன்று. நாம் இளைஞர்களை அழைத்து, ஒற்றுமை முக்கியம், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினோம். மனம் உறுத்தியதால் அவ்வாண்டு கிறிஸ்து பிறப்புக்கு அத்தெருவின் ஒவ்வொரு வீட்டுக்கும் அரிசியும் புடவையும் கொடுக்க ஏற்பாடு செய்தோம். கைம்பெண்ணான ஒரு மூதாட்டி அவற்றை வாங்கிக்கொண்டு கூறினார்: "அரிசி ரேஷன்லயும் கெடைக்கும் சாமி. மாதா நம்ம தெருவுக்கு வரணும்னுதான் பிள்ளைங்க கேட்டுச்சு."

அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. அடுத்த ஆண்டும் தேர் வழக்கமான இடத்தில் திரும்பியது. அதற்கடுத்த ஆண்டு நமக்கு மாற்றல் வந்தது. நம் காலத்தில் தேர் அத்தெருவுக்குள் நுழையவில்லை.

அந்த மூதாட்டி சொன்னதைப் பின்னாளில் எண்ணிப் பார்த்தபோது, மெய்ச் சமயத்திலிருந்து நாம் ஒளிந்துகொள்ளும் இடங்கள் இரண்டு என்பது தெளிவாயிற்று. ஒன்று, தருமம். உரிமையாகச் சேர வேண்டியதைத் தராமல், கொடையாக வேறொன்றைத் தருவது. நீதியின்படி கடனாகக் கொடுக்க வேண்டியதை அன்பின் கொடைபோல் கொடுக்கக்கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டில் பொதுநிலையினர் பணி பற்றிய ஏட்டில் எச்சரித்தது. அதை நாம் குருமடத்தில் பயின்றோம், தேர்வும் எழுதினோம். அதன் பொருளை விளக்க அரிசிப் பையோடு நின்ற ஒரு மூதாட்டி வேண்டியிருந்தது. தருமம் தேவையில்லை என்பதன்று. பசித்தவருக்கு உணவு இன்றே வேண்டும். நீதி நிலைநாட்டப்படும்வரை அவர் காத்திருக்க இயலாது. ஆயின் நீதிக்கு ஈடாகத் தரும் தருமம், கொடுப்பவரின் உறுத்தலைத் தணிக்கிறதேயன்றி, பெறுபவரின் காயத்தை ஆற்றுவதில்லை.

மற்றோர் ஒளிவிடம், அமைதி. ஒற்றுமையைக் காக்கிறோம் என்று சொல்லி, நெடுநாள் பொறுத்தவரையே மேலும் பொறுக்கச் சொல்வது. அமைதியே இல்லாத இடத்தில் அமைதி, அமைதி என்று கூறி மக்களின் காயத்தை மேலோட்டமாகக் கட்டிய குருக்களை எரேமியா கடிந்துகொண்டார். நாம் காத்தது உண்மையில் யாருடைய அமைதி? தேர் வலப்பக்கம் திரும்பும்போது மகிழ்ந்தவர்களின் அமைதியை மட்டுமே. நேரே நீண்டு கிடந்த தெருவில் அன்று எவ்வளவு அமைதி இருந்தது என்று நாம் கேட்கவேயில்லை.

ஆன்மாக்களை மீட்பதே திருச்சபையின் வேலை, சமூகத்தைச் சீர்திருத்துவது அரசின் வேலை என்று நல்லெண்ணத்தோடு கூறுவோர் உண்டு. அவர்களுக்குத் திருச்சபையே விடை தந்திருக்கிறது. 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தம் சுற்றுமடலில் தொழிலாளருக்கு நீதியான கூலி வேண்டும் என்றார். 1965இல் வத்திக்கான் சங்கம், நம்பிக்கைக்கும் அன்றாட வாழ்வுக்கும் இடையே உள்ள பிளவைத் தற்காலத்தின் பெருந்தவறுகளுள் ஒன்றாகக் கண்டது. 1971ஆம் ஆண்டு உரோமையில் கூடிய ஆயர் மன்றம், நீதிக்காக உழைப்பது நற்செய்தி அறிவிப்பின் உள்ளார்ந்த கூறு என்று அறிவித்தது. 2003 நவம்பரில் தமிழகத்து ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், கிறிஸ்தவர்களுக்கிடையே சாதி உணர்வின் சாயல்கூட மெய்யான மனித ஒருமைப்பாட்டுக்கு எதிரான அடையாளம் என்று உரைத்தார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித் மக்களின் மேம்பாட்டுக்கெனத் தனிக் கொள்கை ஏடு ஒன்றை வெளியிட்டது. ஏடுகளில் குறையில்லை. அவை தெருவரையில் வந்து சேர்வதில்தான் குறை இருக்கிறது.

செபம் ஏன், போராட்டம் போதுமே என்று மறுபுறம் கூறுவோரும் உண்டு. யாக்கோபு இதையும் ஏற்கமாட்டார். அவருடைய திருமுகத்தின் இறுதி அதிகாரம் நோயுற்றோருக்காகச் செபிக்கச் சொல்கிறது. நீதியை நாடுவோரின் உள்ளத்திலும் உலகத்தின் மாசு படியலாம். தன்னை மிதித்தவரை வெறுக்கும் ஒருவர், தனக்குக் கீழே மற்றொருவரை வைத்துக்கொள்ள விரும்பும் நிலையும் நம் சமூகத்தில் காண்பதுதான். பீடத்தின் முன் ஒன்றாக முழந்தாளிடுபவரே எழுந்தபின்னும் ஒன்றாக நடக்கக் கற்கிறார். வழிபாட்டை விட்டு நீதியையோ, நீதியை விட்டு வழிபாட்டையோ தேடுவது ஒரு காலால் நடக்க முயல்வதாகும்.

எனவே மெய்ச் சமயத்தைத் தேடி நாம் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. நம் பங்கிலேயே சில கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். ஞாயிறு வாசகம் வாசிப்பவர்கள், பீடச் சிறுவர்கள், பாடற்குழுவினர், பங்குப் பேரவை உறுப்பினர்கள் எல்லாத் தெருக்களிலிருந்தும் வருகிறார்களா? இறந்தோரைக் கொண்டுசெல்லும் வண்டி எல்லார் வீட்டு வாசலுக்கும் செல்கிறதா? கல்லறைத் திருநாளன்று குரு மந்திரிக்கும் இடம் ஒன்றா, இரண்டா? அன்பியக் கூட்டம் சுழற்சி முறையில் எல்லார் வீட்டிலும் நடைபெறுகிறதா, அங்கே தரும் தேநீரை எல்லாரும் அருந்துகிறோமா? நம் வயலிலும் வீட்டிலும் உழைப்பவர்களுக்கு உரிய கூலி உரிய நாளில் கிடைக்கிறதா? அறுவடை செய்தோரின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுவதையும் யாக்கோபுதான் எழுதினார். கோவிலிலும் நம் நிறுவனங்களிலும் பணிபுரிவோரின் ஊதியத்தைக் குறித்துக் குருக்களாகிய நாங்களும் இதே கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இக்கேள்விகளுக்கு விடை காண்பது எளிதன்று. சில விடைகளால் காணிக்கை குறையலாம், உறவுகள் கசக்கலாம், ஓராண்டுத் திருவிழா பொலிவிழக்கலாம். வடக்கன்குளத்துச் சுவர் விழுந்தபோதும் கசப்பு மூண்டது. ஆயினும் அச்சுவரை மீண்டும் எழுப்ப வேண்டும் என்று இன்று எவரும் வெளிப்படையாகக் கேட்கமாட்டார்.

கொடியேற்றத்திற்கு முன் ஒவ்வொரு பங்கிலும் பேரவை கூடும். வரவு செலவு, பந்தல், ஒலிபெருக்கி, சிறப்பு மறையுரையாளர் என எல்லாம் பேசப்படும். தேர் செல்லும் பாதை மட்டும் வழக்கம்போல் என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடும். அன்பு வாசகர்களே, உங்கள் பங்கில் அவ்வாறு முடியுமானால், இந்த ஆண்டு யாரேனும் ஒருவர் எழுந்து, ஏன் என்று கேளுங்கள். உங்கள் பங்குக்குரு தயங்கினால் அவருக்குத் துணைநில்லுங்கள். அவருக்கு அத்துணை தேவைப்படும் என்பதை நாம் அனுபவத்தால் அறிவோம்.